எழுந்திருக்கச் சொன்னாலும் எழாதவர்: மறதி நோயில் முனைப்பு போய்விட்டால் வீட்டில் செய்ய வேண்டியவை

காலையில் திண்ணையில் உட்கார்ந்தவர் வெயில் முகத்தில் ஏறினாலும் நகர்வதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. குளித்து மூன்று நாளானாலும் அவருக்கு உறைப்பதில்லை. ‘வயசாயிடுச்சு’, ‘சோம்பேறித்தனம்’, ‘வேணும்னே பண்றாரு’ என்று வீட்டில் மூன்று விளக்கம் ஓடும். மூன்றும் பெரும்பாலும் தவறு. அல்சைமர், பார்க்கின்சன், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதி நோய், மூளையின் நெற்றி மடலும் பொட்டு மடலும் தேயும் நோய் ஆகிய எல்லாவற்றிலும் முனைப்பு இழப்பு வரலாம். சீட்டில் மருத்துவர் ‘ஏபதி’ என்று எழுதுவது இதைத்தான். சிலருக்கு மறதி தெரிவதற்கு முன்பே இது வந்துவிடும். நெற்றி மடல் தேயும் நோய் பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குவதால், வேலைக்குப் போகாத கணவன், வீட்டைக் கவனிக்காத மனைவி என்ற பஞ்சாயத்தாகவே அது பல வருடம் ஓடிவிடுகிறது.

வயதானால் எல்லோருக்கும் வேகம் குறையும், பெயர் சட்டென்று நாக்கில் வராது. ஆனால் அக்கறை குறையாது. காட்டுக்குப் போக முடியாத 80 வயதுக்காரர், ‘மழை பேஞ்சுதா, கடலைக்காய் புடுங்கியாச்சா’ என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார். கேட்பதே நின்றுபோனால் அது முதுமையின் கணக்கில் வராது.

மூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் வீட்டில் கோபம் பாதி குறையும். நெற்றி மடலின் உட்பக்கமும், மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளும், அவற்றிடையே ஓடும் டோபமைன் என்ற வேதிப்பொருளும் சேர்ந்துதான் ‘இதைச் செய்யலாமா, இந்தப் பாடு பட்டால் பலன் உண்டா’ என்ற கணக்கைப் போடுகின்றன. அந்தச் சுற்று கெட்டுவிட்டால் சின்ன வேலையின் பாடுகூட மலையாகத் தெரியும், பலன் ஒன்றுமில்லாததாகத் தெரியும். போர் மோட்டார் ஓடும் நிலையில் இருந்தும் ஸ்டார்ட்டர் எரிந்துவிட்டால் தண்ணீர் வராதே, அந்த நிலை. ஆரம்பத்தை வெளியிலிருந்து நாம்தான் கொடுக்க வேண்டும். இனி வரும் எல்லா வழிகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் விலக்க வேண்டியவை

நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று திடீரென்று அடங்கிப்போய், அரைத் தூக்கத்தில், கூப்பிட்டால் பாதிப் பதில் சொல்கிறார் என்றால் அது முனைப்பு இழப்பு கிடையாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்வு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் 108. சில வாரங்களுக்கு முன் பாத்ரூமிலோ வரப்பிலோ விழுந்து தலையில் அடிபட்டவர் மெல்ல மெல்ல மந்தமானால், மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து அதிகம். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

மாதக்கணக்கில் மெல்ல வந்த மந்தமாக இருந்தால் தாலுகா ஆஸ்பத்திரியிலோ தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ காட்டலாம். ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், கிரியேட்டினின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்ட சர்க்கரைக்காரருக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம், அதனால் இதைக் கேட்டு வாங்கியாவது பார்த்துவிட வேண்டும்.

வலியையும் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கணக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-ல்தான். அதற்கு முன் 40, 50 வருடம் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீருமே குடித்தவரின் கழுத்தும் முதுகும் முட்டியும் கட்டைபோல் இறுகியிருக்கலாம். அவர் எழாதது மனம் வராததாலா, எலும்பு வலிப்பதாலா? கண்டுபிடிக்க ஒரு வழி: உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் வேலை ஒன்றைக் கையில் கொடுங்கள். அதைச் செய்கிறார், எழச் சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறார் என்றால் வலி. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. காது மந்தமும் கண்புரையும் இதே கணக்கில் வரும். காதில் விழாதவர் பேச்சில் கலக்காமல் ஒதுங்குவதை அக்கறையின்மை என்று எழுதிவிடக்கூடாது.

மனச்சோர்வு நோயைப் பிரித்துப் பார்ப்பதுதான் கடினம். மனச்சோர்வில் வருத்தம் இருக்கும். அழுகை, விடியலுக்கு முன்பே விழிப்பு, ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்ற பேச்சு வரும். முனைப்பு இழந்தவருக்கு வருத்தமே இருக்காது. வீட்டில்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள், அவர் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். ‘மனசு பாரமா இருக்குதாப்பா?’ என்று நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் கெடுதல் இல்லை. ‘போய்ச் சேர்ந்தா தேவலை’ என்று ஒருமுறை சொன்னாலும் பூச்சிமருந்து டப்பாவை வீட்டை விட்டு அகற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், மெடிக்கலில் தானாக வாங்கியது உட்பட. தூக்கத்துக்கான அல்பிரசோலம், குளோனசெபம், சளிக்கான குளோர்ஃபெனிரமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான டிரைஹெக்சிஃபெனிடில் ஆகியவை முதியவரின் மூளையை மந்தமாக்கும். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பே வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

எந்த வகை என்று பார்த்தல்

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: தானாகத் தொடங்கியது எது, சொன்னதும் செய்தது எது, சொல்லியும் செய்யாதது எது, எத்தனை மணிக்கு. மருத்துவரிடம் ‘சும்மாவே இருக்காருங்க’ என்று சொல்வதைவிட இந்த ஏழு பக்கம் நூறு மடங்கு பயன்படும்.

நோட்டைப் பார்த்தாலே மூன்று வகை பிரியும். முதல் வகைக்காரர் வேலையைத் தொடங்குவார், அடுத்து என்ன என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுவார். இவருக்கு வேலையைத் துண்டு துண்டாக்கித் தர வேண்டும். இரண்டாம் வகையில் பாசமும் பயமும் ஒட்டாது, பேரன் வெளியூரிலிருந்து வந்தால்கூட முகம் மாறாது. இவரிடம் ‘நீங்க சாப்பிடலன்னா அம்மா வருத்தப்படும்’ என்று சொல்லிப் பயனில்லை. பல வருடப் பழக்கத்தின் தடத்தில்தான் இவர் நடப்பார். மூன்றாம் வகைக்காரர் விட்டால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், ‘என்ன யோசனை’ என்றால் ‘ஒண்ணுமில்ல’ என்பார், அது உண்மையும்கூட. ஆனால் தொட்டு எழுப்பினால் எழுந்து நடப்பார். பார்க்க மிக மோசமாகத் தெரியும் இந்த மூன்றாம் வகைதான் வெளித் தூண்டலுக்கு நன்றாக இணங்கும். ஒருவரிடமே மூன்றும் கலந்திருக்கலாம்.

தொடங்கி வைக்கும் முறை

‘குளிக்கிறீங்களா?’ என்று கேட்காதீர்கள். கேள்விக்கு ‘வேணாம்’ என்பதுதான் பாடில்லாத பதில், மூளை அதைத்தான் எடுக்கும். ‘அப்புறம்’ என்றால் அதற்கும் அதே அர்த்தம்.

பின்னாலிருந்து கூப்பிடாமல் முன்னால் போங்கள். டிவியை அணையுங்கள். அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, வழக்கமாகக் கூப்பிடும் முறையில் ‘அப்பா’, ‘அத்தை’, ‘பெரிப்பா’ என்று கூப்பிட்டு அவர் பார்வை உங்கள் மேல் வரும்வரை காத்திருங்கள். பிறகு ஒரே வாக்கியம்: ‘அப்பா, கையைப் புடிச்சிக்கிங்க.’ மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நான்கு விநாடியில் பொறுமை போய் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள், அவர் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டாவதை முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார். பத்துக்குப் பிறகும் அசைவில்லை என்றால் அதே வாக்கியத்தை அதே வார்த்தைகளில் சொல்லி, அவர் கையைத் தொடுங்கள். எழுந்ததும் அடுத்த வாக்கியம்.

குளியலை இப்படிப் பிரிக்கலாம். தண்ணீர், துண்டு, மாற்று வேட்டி எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும், முக்காலியும் போட்டிருக்கட்டும். எழுப்பு, நடத்து, உட்கார வை. முதல் சொம்பை நீங்கள் காலில் ஊற்றுங்கள், தலையில் ஊற்றினால் மிரளுவார். இரண்டாம் சொம்பை அவர் கையில் கொடுங்கள். சோப்பைக் கையில் வைத்து, அந்தக் கையை மார்புக்குக் கொண்டுபோய் ஒருமுறை தேய்த்து விடுங்கள். பெரும்பாலும் மீதியைக் கை தானே செய்யும், ஏனென்றால் பழகிய அசைவுகளின் நினைவு மற்ற நினைவுகளைவிட அதிக நாள் நிற்கிறது. பெண்களுக்குக் குளிப்பாட்டுவது மகளோ மருமகளோ என்பதில் முன்பே ஒரு தெளிவு இருந்தால் கூச்சத்தால் வரும் மறுப்பு குறையும்.

மறுத்தால் வாதாட வேண்டாம். ‘சரிப்பா’ என்று எழுந்து போய்விட்டு 20 நிமிடம் கழித்துப் புதிதாக வாருங்கள். முடிந்தால் வேறு ஆள் வரட்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டுமொழி தெலுங்கோ கன்னடமோவாக இருக்கும் குடும்பங்கள் நிறைய. மறதி நோய் முற்றும்போது பிறகு கற்ற மொழி முன்னதாகத் தேய்வது உண்டு. தமிழில் சொல்லி அசையாதவரிடம் அவர் தாய் பேசிய மொழியில் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்.

என்ன வேலை கொடுப்பது

செய்தித்தாள் புதிர், ‘மூளைப் பயிற்சி’ செயலி எல்லாம் ஆயுள் முழுக்கக் காட்டில் உழைத்தவருக்கு எதற்கு? கை அறிந்த வேலையைக் கொடுங்கள். வேலைக்கு மூன்று தகுதி வேண்டும்: முடிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், தவறாகச் செய்தாலும் நட்டமிருக்கக் கூடாது, 15 முதல் 20 நிமிடத்தில் முடிய வேண்டும்.

கடலைக்காய் உரிப்பது இதற்கு வெகு பொருத்தம். அரைப் படி காய், இடது பக்கம் காலிக் கிண்ணம், வலது பக்கம் முறம். மூட்டையோடு முன்னால் வைத்தால் பார்த்ததுமே மூளை கடையைச் சாத்திவிடும். முதல் ஐந்து காயை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உரியுங்கள், பிறகு பேசாமல் எழுந்து போகலாம். கொள்ளில் கல் பொறுக்குவது, மார்கழி தையில் அவரைக்காய் உரிப்பது, கன்றுக்குட்டிக்குப் புல் போடுவது, துணி மடிப்பது எல்லாம் நல்லவை. ஒரே துணியைக் கலைத்து மறுபடி கொடுத்தாலும் குற்றமில்லை. சாமந்தி கட்டிப் பழகிய கையானால் நாரும் பூவும் கொடுங்கள். புளி நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் கொட்டை எடுக்கும் வேலையைத் தராதீர்கள். அதற்கான இரும்புக் கருவி கையைப் பதம் பார்க்கும், சிலர் கொட்டையை வாயில் போட்டுக்கொள்வார்கள். ஓடு உடைத்த புளியில் நார் உரிப்பது மட்டும் போதும். களி கிண்டுவது, அடுப்பு, அரிவாள், கிணற்றடி எதுவும் வேண்டாம்.

வேலையை அவரிடம் கொண்டுபோங்கள், அவரை வேலையிடம் கூப்பிடாதீர்கள். நடக்கும் பாடே கணக்கைக் கவிழ்த்துவிடும். நடை வேண்டும் என்றால் செருப்பையும் கைத்தடியையும் கண்ணெதிரில் வைத்து, டீக்கடை, மாரியம்மன் கோயில், பால் சொசைட்டி என்று ஒரு முடிவிடம் சொல்லிக் கூட்டிப்போங்கள். ‘வாக்கிங் போகலாம்’ என்பதில் சென்று சேரும் இடமே இல்லை. நாளுக்கு இரண்டு முறை, 10 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம், மார்ச் முதல் மே வரை காலை 8 மணிக்குள்ளாக.

பழகிய பாட்டு பலரை அசைக்கும். கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு மிருதங்கமும் தாளமும் கேட்டதும் விரல் தட்டும். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பது வேறு விஷயம். இரவுத் தூக்கம் கெட்டால் அடுத்த மூன்று நாள் வீணாகும். செல்போனில் அரைமணி நேரம் போதும், அதுவும் ஒரு வேலைக்கு முன்னால்.

எல்லா நாளும் ஒரே நேரம், ஒரே வரிசை. பத்து விதமான வேலை தேவையில்லை, காலையில் இரண்டு, மாலையில் ஒன்று போதும். பார்க்கின்சன் உள்ளவருக்கு லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தைப் பிடியுங்கள். பலருக்கு மாத்திரை போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடல் இளகும். குளியலும் நடையும் அந்த நேரத்தில் வரட்டும். அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு கொடுக்க வேண்டும். கொள்ளு, பருப்பு, கறி ஆகியவற்றின் புரதம் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

பலன் தருகிறதா என்பதை அவர் முகத்தில் தேடாதீர்கள். முகம் பெரும்பாலும் மாறாது. ‘சந்தோஷமே இல்லையே, எதுக்கு இந்தப் பாடு’ என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். போன வாரம் கடலைக்காய் முன்னால் 4 நிமிடம் இருந்தவர் இந்த வாரம் 9 நிமிடம் இருந்தார் என்றால் அதுதான் அளவுகோல். நான்கு வாரமாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாப்பாடு, தண்ணீர், தோல்

தாகம் எடுத்தாலும் கேட்க மாட்டார் என்பதால் தண்ணீருக்கு மணி வையுங்கள். 200 மில்லி டம்ளரில் நாளுக்கு 7 என்றால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு மருத்துவர் சொன்ன அளவு. டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் அது அப்படியே இருக்கும், கையில் கொடுத்து முதல் வாய் குடிக்கும்வரை நில்லுங்கள்.

கேழ்வரகுக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதுதான் நம் வழக்கம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அந்த உருண்டை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் கரகரத்த குரல், கன்னத்தில் சோறு தங்குவது என்று ஏதாவது தெரிந்தால் களியை நிறுத்திக் கெட்டியான கூழுக்கு மாறுங்கள். நேராக உட்கார்த்தி, சிறு கரண்டியில், ஒரு வாய் இறங்கியபின் அடுத்தது. முடித்தபின் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள்.

அசையாமல் உட்காருபவருக்கு வலித்தாலும் நகரத் தோன்றாது, அதனால் புண் சீக்கிரம் வரும். மணிக்கு ஒருமுறை எழுப்பி நிற்க வையுங்கள். படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். குளிப்பாட்டும்போது வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்புப் பக்கம் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்போ, கறுத்த தோலோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது.

வீட்டார் வழக்கமாகத் தவறும் இடங்கள்

திட்டுவது ஒன்று. அதைவிடப் பெரிய தவறு பாசத்தால் வருவது: எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. பத்து நிமிடம் எடுக்கும் சட்டைப் பொத்தானை நாம் அரை நிமிடத்தில் போட்டுவிட்டால் ஆறு மாதத்தில் அந்தத் திறமை உண்மையிலேயே போய்விடும். மேல் பொத்தானை நாம் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடலாம். ‘இது யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்’ என்று வந்தவர் போனவரெல்லாம் பரீட்சை வைப்பதை நிறுத்துங்கள். தோல்வி ஒவ்வொன்றும் அடுத்த முயற்சியின் பாரத்தைக் கூட்டுகிறது. ‘உங்க பையன் ரவி வந்திருக்கான்’ என்று பெயரைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள். ‘இட்லியா, தோசையா, பொங்கலா, உப்புமாவா’ என்று அடுக்குவதும் வேண்டாம், இரண்டைக் காட்டிக் கேட்டால் போதும்.

மருந்து

இதற்கென்றே ஏற்பு பெற்ற மருந்து இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் சிலருக்கு ஓரளவு உதவும். மெத்தில்ஃபெனிடேட் மருந்தை நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த, 2021-ல் வெளியான ஆய்வில் அல்சைமர் நோயாளிகள் 200 பேர் சேர்க்கப்பட்டனர். பலன் இருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. எடை குறையும், இதயத்தையும் கவனிக்க வேண்டும் என்பதால் அது நிபுணரின் கையில்தான் இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள், மனச்சோர்வே இல்லாதவருக்குக் கொடுத்தால் முனைப்பை இன்னும் மழுங்கடிக்கக்கூடும். ஹாலோபெரிடால் போன்றவை மறதி நோயாளிகளின் இறப்பு ஆபத்தைக் கூட்டும். லூயி உருண்டை வகை (மருத்துவர் ‘லூயி பாடி’ என்பார்) மறதி நோயில் அவை மிக ஆபத்து. இல்லாத உருவம் கண்ணில் தெரிகிறது, உடலும் விறைக்கிறது என்றால் மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஞாபக டானிக்குகளுக்குச் செலவழிக்கும் காசில் காது மெஷின் வாங்கலாம்.

உதவி

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஊருக்கு வரும் பெண் தன்னார்வலரிடம் சொன்னால் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறை சிகிச்சையாளரையும் அனுப்பக் கேட்கலாம். நோய் எது என்றே பிடிபடாவிட்டால் மனநலத்துக்கும் நரம்பு நோய்க்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. அந்த ஏழு நாள் நோட்டையும், பழைய ஸ்கேன் படத்தையும், நோயாளியோடு தினமும் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கார் வைத்திருக்கும் மகன் மட்டும் போனால் பாதிக் கேள்விக்குப் பதில் இருக்காது.

பார்க்கின்சன் நோய் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேட்டு, அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். முதியோர் உதவி எண் 14567.

கவனிக்கும் மருமகளுக்கோ மனைவிக்கோ வாரத்தில் ஒரு அரைநாளாவது மாற்று ஆள் வேண்டும். அந்த ஆள் வந்ததும் பார்க்க ஒரு தாளில் நான்கு வரி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: எந்த மணிக்கு எந்த மாத்திரை, எப்படிக் கூப்பிடுவது, எந்த வேலை கொடுப்பது, எதைச் சாப்பிடக் கொடுக்கக்கூடாது.